மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெய்க் காலமும்: ஓர் ஒயில் ஒழுக்கின் சரித்திரம்

1948 ஒக்ரோபரில் இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட்டில் நடந்த மோட்டார் கண்காட்சியில் மொறிஸ் மைனர் என்ற சிறிய கார் முதன்முதலாக மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் அலெக் இஸிகோனிஸ். பெயரைக் கேட்டாலே ஆங்கிலேயர் இல்லை என்று தெரியும். 1906-ல் ஸ்மிர்னாவில், இன்றைய துருக்கியின் இஸ்மீரில், கிரேக்கத் தகப்பனுக்கும் ஜேர்மன் தாய்க்கும் பிறந்தவர். 1922 செப்ரெம்பரில் அந்த நகரம் போரில் விழுந்து எரிந்தபோது, குடும்பம் பிரித்தானியக் கப்பலில் ஏறி மால்ராவுக்குத் தப்பியது. தகப்பன் மால்ராவிலேயே இறந்துபோனார். மிச்சமிருந்த தாயும் பிள்ளையும் அடுத்த வருடம் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்கள். பற்றர்சி தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பரீட்சையில் மூன்று தரம் தவறியவர் அவர். பிறகு வரைபடம் கீறும் வேலைக்குப் போய், மோட்டார் உலகத்தில் தன் பெயரை நிலைநாட்டினார். அகதியாய் வந்து படிப்பு இடறிப்போன ஒருவரின் கையிலிருந்துதான் இங்கிலாந்தின் மிக இங்கிலாந்துத்தனமான கார் பிறந்தது என்பதைப் புகலிட வாசகர்கள் ஒரு பக்கத்தில் குறித்து வைக்கலாம்.

ஆனால் இங்கே நான் எழுத வந்தது அந்தக் காரின் அழகைப் பற்றியல்ல, அது நின்ற இடமெல்லாம் விட்டுச் சென்ற கறுப்புப் பொட்டைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40-ஓ நின்ற எந்த வீட்டின் முற்றத்திலும் அந்தப் பொட்டு இருந்தது. கார் விற்றுப் போன பிறகும் இருந்தது. பெரியவர்கள் அதைக் காரின் வயசு என்று நினைத்தார்கள். மனிதருக்கு மூட்டுவலி போல, காருக்கு ஒழுக்கு. இது சரியான விளக்கம் அல்ல. புதிதாய் வந்த நாளிலேயே ஒழுகக்கூடிய விதமாகத்தான் அந்த எஞ்சின் கட்டப்பட்டிருந்தது.

இதில் இஸிகோனிஸைக் குறை சொல்ல முடியாது. அவர் இந்தக் காருக்கென்று வேறொரு எஞ்சினை விரும்பினார், செலவு கூட என்று நிர்வாகம் மறுத்துவிட்டது. முதலில் பழைய மொறிஸ் எயிற் காரின் எஞ்சினைப் போட்டார்கள். 1952-ல் ஒஸ்ரினும் மொறிஸும் இணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் ஆனதும், ஒஸ்ரின் தன் ஏ30 காருக்காக 1951-ல் செய்திருந்த 803 சிசி எஞ்சின் மைனருக்கும் வந்தது. ஏ-வரிசை என்று பெயர் பெற்ற இந்த எஞ்சின் 1956-ல் 948 சிசி ஆகவும் 1962-ல் 1098 சிசி ஆகவும் வளர்ந்து, மினி காருக்குள் இருந்தபடி 2000-ம் ஆண்டுவரை உற்பத்தியில் இருந்தது. எங்கள் ஊர் மைனர்களில் பெரும்பாலானவற்றில் ஓடியது இதுதான்.

எஞ்சினின் உள்ளே சுழலும் கிராங் தண்டு பின்பக்கமாக வெளியே வந்து கிளச்சோடு சேர்கிறது. சுழலும் ஒரு தண்டு சுவரைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் ஒயில் வராமல் தடுப்பது எப்படி என்பதுதான் கேள்வி. ஏ-வரிசையைச் செய்தவர்கள் அந்த இடத்தில் சீல் எதுவும் வைக்கவில்லை. தண்டின் மேலேயே திருகாணிக்கு இருப்பது போல ஒரு தவாளிப்பை வெட்டிவிட்டார்கள். தண்டு சுழலும்போது இந்தத் திருகு வெளியே வரப்பார்க்கும் ஒயிலை உள்நோக்கித் தள்ளும். ஆற்றுநீரை மேலே ஏற்றுவதற்கு ஆர்க்கிமிடீஸின் பெயரால் சொல்லப்படும் திருகு எப்படி வேலை செய்யுமோ, அதே தத்துவம். இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் பௌதிகப் படிப்பில் இதைவிட அழகான உதாரணம் ஒன்றை நான் காணவில்லை. தேய்கிற பாகம் இல்லை, மாற்றுகிற பாகம் இல்லை, ஒரு சதச் செலவும் இல்லை.

ஒரேயொரு குறை. தண்டு சுழன்றால்தான் திருகு வேலை செய்யும். எஞ்சினை நிறுத்தியதும் அங்கே தேங்கி நிற்கும் ஒயிலைத் தடுக்க எதுவும் இல்லை. காரின் மூக்கு மேல்நோக்கி இருக்க ஒரு ஏற்றத்தில் நிறுத்தினால் ஒயில் பின்பக்கமாக வந்து சேரும், ஒழுகும். யாழ்ப்பாணத்தில் மலை இல்லாததை ஒரு குறையாகச் சொல்பவர்கள் உண்டு, ஏ-வரிசை எஞ்சினுக்கு அது பெரிய புண்ணியம். தண்டைத் தாங்கும் பெயரிங் தேயத் தேய, திருகுக்கும் அதைச் சுற்றியுள்ள கூட்டுக்கும் இடையிலான மயிரளவு இடைவெளி ஒருபக்கமாக அகலும். அப்போது ஒழுக்கு நிரந்தரமாகிவிடும்.

செய்தவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கிளச்சை மூடியிருக்கும் மணி போன்ற கூட்டின் அடியில் ஒரு சிறிய ஓட்டை உண்டு. அதற்குள் ஒரு ஸ்பிளிற் பின் தளர்வாகத் தொங்கிக்கொண்டிருக்கும். கார் ஓடும்போது அது ஆடி ஆடி ஓட்டை சேற்றால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். ஒழுகும் ஒயில் கிளச்சில் ஏறாமல் தெருவுக்குப் போகட்டும் என்பதற்கான வழி அது. ஒழுக்கைத் தடுக்கவில்லை, ஒழுக்குக்கு வாசல் வைத்தார்கள்.

இதைவிட நல்ல வழி அப்போதே உலகத்தில் இருந்ததா என்றால், இருந்தது. நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் மா பிசையும் மெசின் ஒன்று ஒருநாள் அடியில் ஒழுகத் தொடங்கியது. திருத்த வந்த ஜேர்மன்காரர் குனிந்து பார்த்துவிட்டு ஒரே சொல்லில் முடித்தார்: ‘சிமரிங்.’ இங்கே ஒயில் சீலுக்குப் பெயரே அதுதான். வைன்ஹைம் நகரத்தில் ஃப்ரொய்டன்பேர்க் என்ற தோல் பதனிடும் தொழிற்சாலை, 1929-ன் பொருளாதார நெருக்கடியில் தோல் வியாபாரம் படுத்தபோது, தோலால் மோட்டார் சீல்கள் செய்யத் தொடங்கியது. வால்ரர் சிம்மர் என்ற ஒஸ்திரியப் பொறியியலாளரின் பெயர் அந்த வளையத்துக்கு ஒட்டிக்கொண்டது. தண்டை மென்மையாக அணைத்துக்கொள்ளும் ஓர் உதடு, அந்த உதட்டை இறுக்கிப் பிடிக்கும் ஒரு சின்னச் சுருள்வில், அவ்வளவுதான். தோலுக்குப் பதில் இறப்பர் போட்டுப் பார்த்தால், இயற்கை இறப்பர் ஒயில் குடித்து ஊதிவிடும். 1930-ல் ஜேர்மன் வேதியியலாளர்கள் ஒயிலைத் தாங்கும் நைத்திரைல் இறப்பருக்குக் காப்புரிமை பெற்றார்கள். அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியிலிருந்து சீல் உதடு செயற்கை இறப்பர் ஆகியது.

ஆக, 1951-ல் ஒஸ்ரின் தன் எஞ்சினை வரைந்தபோது வழி இருந்தது. அவர்கள் எடுக்கவில்லை. தண்டின் பின்முனை பருமனானது, அங்கே வைக்கும் சீலும் பெரியதாக வேண்டும், காசு கூட. திருகோ சும்மா கிடைப்பது. இதே கூட்டுத்தாபனம் 1964-ல் எம்ஜிபி காரின் எஞ்சினை மாற்றியமைத்தபோது பின்பக்கத்துக்கு உதட்டு சீல் வைத்தது. ஏழைக் காருக்குத் திருகே போதும் என்று விட்டுவிட்டார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இந்தக் கார்கள் எங்களிடம் ஏன் இவ்வளவு காலம் தங்கின என்பதற்குக் காரணம் பாசம் அல்ல. 1960-களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் கார் இறக்குமதி இறுக்கப்பட்டது. 1970 முதல் 1977 வரை கதவு ஏறக்குறைய முழுதாகச் சாத்தப்பட்டிருந்தது. இருந்ததைத்தான் திருத்தி ஓடவேண்டும். ஈஎல், ஈஎன், ஈவை என்று ஆங்கில எழுத்துத் தகடு போட்ட கார்கள் அவற்றுள் மூத்தவை. 1957-ல் புதிய வாகனங்களின் தகட்டுக்குச் சிங்கள ‘ஸ்ரீ’ வந்ததையும், அதைத் தார் பூசி அழித்த போராட்டத்தையும், 1958-ல் நடந்தவற்றையும் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தகடு வருவதற்கு முன் பதிவான கார்கள் இந்தச் சண்டைக்குள் அகப்படாமல் தப்பின. 1977-க்குப் பின் கதவு திறந்து ஜப்பான் கார்கள் வந்து குவிந்தன. தெற்கில் மைனர் மெல்லக் கிழவியாகியது. வடக்கில் அது இன்னொரு தரம் வேலைக்கு அழைக்கப்பட இருந்தது.

1990 யூனில் போர் மீண்டும் வெடித்தது. குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது, பெற்றோலும் டீசலும் பற்றறியும் வாகன உதிரிப்பாகங்களும் தடைசெய்யப்பட்டன. நான் பிறந்ததும் அதே வருடம்தான். ஆகவே அந்தக் காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கராஜ் வைத்திருந்த என் மாமாவின் வாயால் வந்தது. காபரேற்றருக்குள் சேலைன் போத்தல் குழாயால் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய கதையை எங்களில் மூத்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். அது ஏன் முடிந்தது என்பதைத்தான் நாங்கள் யோசிப்பதில்லை.

அதற்கான விடை இன்னொரு போரில் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியதும் பிரித்தானிய அரசு எல்லாக் கம்பனிப் பெற்றோலையும் ஒன்றாகச் சேர்த்து, ‘பூல்’ பெற்றோல் என்று தரம் குறைந்த ஒரே வகையைப் பங்கீட்டில் விற்றது. அதன் ஒக்ரேன் எண் எழுபதையொட்டியது. பங்கீடு 1950 மே மாதம் நின்றது, பூல் பெற்றோல் 1953 வரை தொடர்ந்தது. மைனரின் தொடக்ககால எஞ்சின்களும் அக்கால ஏ40-ன் எஞ்சினும் இந்தக் கெட்ட பெற்றோலை மனதில் வைத்து, தாழ்ந்த அமுக்க விகிதத்தில் செய்யப்பட்டவை. 803 சிசி எஞ்சினில் அது 7.2-க்கு 1. மண்ணெண்ணெய் பூல் பெற்றோலைவிடவும் மட்டமானது. இருந்தாலும் தாழ்ந்த அமுக்கத்தில் அது இடித்து இடித்தாவது எரிந்தது. உயர்ந்த அமுக்கத்துக்குச் செய்யப்பட்ட பிற்காலக் கார்கள் இதற்கு இலகுவில் இசையவில்லை. இலண்டனின் தட்டுப்பாட்டுக்காக வரைந்த எஞ்சின், நாற்பது வருடம் கழித்து யாழ்ப்பாணத்தின் தட்டுப்பாட்டில் ஆஸ்பத்திரிக்கு ஆட்களை ஏற்றிப் போனது. இதை எந்த மோட்டார் சரித்திரப் புத்தகத்திலும் நான் காணவில்லை.

இதற்கும் ஒழுக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்ரன் வளையங்களுக்கு இடையால் கீழே சம்ப்புக்குள் இறங்கும். ஐரோப்பாவிலும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடிய பேர்கசன் உழவு இயந்திரங்களுக்கு இதே நோய் இருந்தது. இறங்கிய மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். தண்ணீரான ஒயில் திருகுக்கும் அடங்காது, பக்கிங்குக்கும் அடங்காது. வளையம் தேயத் தேய எரிந்த வாயு கீழே வந்து எஞ்சின் வயிற்றில் அமுக்கம் ஏறும், அந்த அமுக்கம் ஒயிலைக் கண்ட கண்ட பொருத்துக்களாலெல்லாம் வெளியே தள்ளும். இவ்வளவும் நடக்கும்போது ஒயில் பார்க்கும் கம்பியில் மட்டம் குறையாது. சிலவேளை கூடும். கார் வைத்திருந்தவர்கள் ஒயில் மிச்சம் என்று மகிழ்ந்துபோவார்களாம். மாமா கம்பியை மணந்து பார்ப்பார், பிறகு ஒரு துளியைக் கடதாசியில் விட்டு ஆறவிடுவார். நடுவில் கறுப்பும் சுற்றிவர அகலமான வெளிறிய வளையமும் தெரிந்தால் மண்ணெண்ணெய் இறங்கியிருக்கிறது.

‘ஒழுகிற காருக்குப் பயப்பிடத் தேவையில்லைத் தம்பி. ஒழுகியும் ஒயில் குறையாத கார்தான் ஆளைக் கொல்லும்’ என்பார்.

ஒழுக்கு எங்கே என்று கண்டுபிடிப்பதில் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. எந்தப் பழைய காருக்கும் அது இன்றும் பொருந்தும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முதலில் ஒழுகுவது என்ன என்று பார்க்க வேண்டும். இரவு காரின் அடியில் கடதாசி மட்டை விரித்துவிட்டால் காலையில் வரைபடம் தயார். சாரதியின் காலடிக்கு நேர் கீழே மெல்லிய தெளிவான ஈரம் இருந்தால் அது ஒயிலே அல்ல, பிறேக் எண்ணெய். மைனரில் பிறேக்கின் தாய்ச் சிலிண்டர் சாரதியின் தரைத் தகட்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. அதைக் கண்டால் காரை அசைக்கவே கூடாது. பின்சில்லின் உட்புறத்தில் தடிப்பாக, மணம் மிகுந்து வழிந்தால் அது பின் அச்சின் ஒயில். பிறேக் கட்டைகள் நனைந்திருக்கும், இதுவும் பொறுத்திருக்கிற நோய் இல்லை. முன்சில்லுகளின் பக்கம் என்றால் நெம்புகோல் அதிர்வுதாங்கிகள், அவற்றுக்குள்ளும் எண்ணெய் உண்டு. எஞ்சினும் கியர்ப் பெட்டியும் சேரும் இடத்தில், அந்த ஸ்பிளிற் பின் நுனியில் துளி தொங்கினால்தான் திருகின் மேல் சந்தேகப்படலாம். அங்கேயும் அவசரப்படக்கூடாது. மைனரின் கியர்ப் பெட்டிக்கும் விடுவது எஞ்சின் ஒயில்தான், ஆகவே மணத்தால் பிரிக்க முடியாது, நிறத்தால் பிரிக்கலாம். கறுப்பு என்றால் எஞ்சின், தெளிவு என்றால் கியர்.

கறுப்பென்று கண்டபிறகும் எஞ்சினைக் கழற்றாதே என்பதுதான் மாமாவின் முதல் சட்டம். ஒயில் மேலிருந்து கீழே வரும், ஓட்டத்தின் காற்று அதை முன்னிருந்து பின்னுக்குக் கொண்டுபோகும். ஆகவே துளி விழும் இடம் ஒழுகும் இடம் அல்ல. எஞ்சினின் மேல்மூடியின் பின்மூலையில் வாற ஒயில், முதுகால் வழிந்து, கிளச்சுக் கூட்டில் இறங்கி, அதே பின் நுனிக்குத்தான் வந்து சேரும். இதைத் திருகென்று நினைத்து முழு எஞ்சினையும் இறக்கிய கராஜ்காரர் பலர். முதலில் எஞ்சினைக் கழுவித் துடைத்துக் காயவிட்டு, முகத்துக்குப் பூசும் பவுடரைத் தூவிவிட்டு, எஞ்சினை ஓடவிட வேண்டும். வெள்ளையில் முதல் நனைகிற இடம்தான் நோயிடம். பவுடர் இல்லாத காலத்தில் சோக்குத் தூள்.

அதற்கும் முன்னால் பிறீதர் குழாய். எஞ்சின் வயிற்றின் காற்றை வெளியேவிடும் இந்தக் குழாய் அடைபட்டால், புதுப் பக்கிங் நூறு போட்டாலும் ஒழுக்கு நிற்காது. பழைய கார்களில் அது சும்மா தெருவை நோக்கித் திறந்திருந்தது. 1960-களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவில் புகைக் கட்டுப்பாடு வந்தபிறகுதான் அந்த வாயுவைத் திரும்ப எஞ்சினுக்கே குடிக்கக் கொடுக்கும் பழக்கம் பரவியது. எஞ்சின் ஓடும்போது ஒயில் விடும் மூடியைத் திறந்து, உள்ளங்கையை மேலே பிடித்தால் போதும். புகை ஊதினால் வளையம் தேய்ந்துவிட்டது, அங்கே பக்கிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை.

மிச்சம் எல்லாம் பக்கிங் வேலை. ஏ-வரிசை எஞ்சினின் பக்கவாட்டில் இரண்டு சிறு தகர மூடிகள் உண்டு, ஒவ்வொன்றையும் நடுவில் ஒரேயொரு பொல்ட் பிடிக்கிறது, உள்ளே தக்கைப் பக்கிங். ஒழுகுகிறது என்று ஆட்கள் அந்தப் பொல்ட்டை இறுக்குவார்கள். இறுக்க இறுக்கத் தகரம் நடுவில் குழிந்து ஓரம் எழும்பும், இன்னும் ஒழுகும். இன்னும் இறுக்குவார்கள். மாமா மூடியைக் கழற்றி, தட்டையான கல்லில் வைத்து ஓரத்தைத் தட்டி நேராக்கி, தளர்வாகத்தான் பூட்டுவார். ஒயில் வடியும் கிண்ணத்தின் பழைய இறப்பர் வளையத்தை எடுக்காமல் அதன்மேல் புதியதைப் போடுவது இன்னொரு பொதுப்பிழை.

தடைக்காலத்தில் புதிய பக்கிங்குக்கு எங்கே போவது? கலண்டர் மட்டையை மூடியின்மேல் வைத்து, சுத்தியலின் மொட்டை முனையால் ஓரம் ஓரமாகத் தட்டினால் வடிவம் தானே வெட்டுப்படும். ரியூப் இறப்பரிலும் பாட்டாச் செருப்பிலும் வெட்டியவர்கள் உண்டு, ஒரு மாதத்தில் அவை ஒயில் குடித்து ஊதிப் பிதுங்கும். வைன்ஹைம்காரர் பட்ட அதே பாடுதான். பெற்றோல் தாங்கி வெடித்து ஒழுகினால் அதில் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்ப்பார்கள், பெற்றோல் சவர்க்காரத்தைக் கரைக்காது. அந்நாளில் சவர்க்காரமும் கிடைக்காத பொருள் என்பது வேறு கதை. திருகு ஒழுகினால் செய்ய ஒன்றும் இல்லை. ஸ்பிளிற் பின்னுக்குக் கீழே ரின்பால் பேணி கட்டித் தொங்கவிட்டு, பின்னேரம் அதை வெள்ளைத் துணியில் வடித்துத் திரும்ப எஞ்சினுக்குள் விடுவதுதான்.

இதே 1990-களில், இங்கிலாந்தின் பாத் நகரத்தில் மொறிஸ் மைனர் திருத்தும் ஒரு நிறுவனத்தின் முயற்சியால், இலங்கையின் தெற்கில் மைனருக்கான தகரப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று தொடங்கப்பட்டது. பாகங்கள் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. ஒரே தீவுக்குள் ஓமந்தைக்கு இந்தப் பக்கம் செய்த மட்காட் இங்கிலாந்துக்குப் போகலாம், அந்தப் பக்கம் ஒரு வாசரும் போகமுடியாது. யாரும் திட்டமிட்டுச் செய்த கேலி அல்ல, ஆனாலும் கேலிதான்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது, மாமாவின் கராஜில் நின்ற இரண்டு மைனர்களில் ஒன்று கிழவர்களை ஏற்றிக்கொண்டு சனத்தோடு சனமாய் ஊர்ந்தது. மற்றதற்கு எஞ்சின் இறக்கிக் கிடந்தது. திரும்பி வந்தபோது எஞ்சின் கிடந்த இடத்தில் பொட்டு மட்டும் இருந்ததாம்.

இங்கே இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கார்ப் பரிசோதனை. துளி விழுந்தால் தாள் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஆங்கிலக் கார்களோடு வந்து உணவகத்தில் சாப்பிடும் கூட்டம் ஒன்று உண்டு. ஒழுகவில்லை என்றால் உள்ளே ஒயில் இல்லை என்று அர்த்தம், என்று அவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். ஒயில் விலைக்கு வாங்கக் கிடைக்கும் நாட்டின் பகிடி அது. அவர்களில் ஒருவர்தான் எனக்குச் சொன்னார், ஏ-வரிசை எஞ்சினின் பின்பக்கத்துக்கு இப்போது உதட்டு சீல் செற் ஒன்று விற்பனையில் இருக்கிறதென்று. திருகின் வெளிப்பக்கத்தில் ஒரு வளையத்தைப் பூட்டி அதற்குள் சீல். 1951-ல் போட்டிருக்க வேண்டியதை இப்போது தனியார் செய்து விற்கிறார்கள்.

அன்றிரவு மாமாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். எண்பதைத் தாண்டிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். விலையைக் கேட்டார், பிறகு சீல் எந்த அளவு, வளையம் அலுமினியமோ இரும்போ என்றெல்லாம் கேட்டார். கொஞ்சநேரம் சத்தமில்லை.

‘அப்ப அந்த ஓட்டையை என்ன செய்யிறாங்கள்?’

‘அப்பிடியே விடுறாங்கள் மாமா. பின்னும் தொங்குதாம்.’

‘அதுதான் சரி’ என்றார்.